வெளியூர் விலைக்கு ஆளாகாமல் கோயில் நகரங்களைச் சுற்றுவது எப்படி?

புகழ்பெற்ற ஊர்களில் வெளியூர்க்காரர் என்று தெரிந்ததும் ஆட்டோ முதல் பொம்மைக் கடை வரை எல்லாவற்றிலும் விலையைக் கூட்டிச் சொல்கிறார்கள், இதைத் தவிர்ப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். விரைவில் பெற்றோருடன் தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் வரவிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்தவன். என் தாய்மாமா நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குப் பட்டறையில் வேலை பார்த்தவர். விற்பவர் பக்கத்தில் நின்று பார்த்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

எங்கள் பகுதியில் விலை ஏறுவதற்கு முதல் காரணம், உங்களைக் கடைக்கு அழைத்து வருபவருக்குப் போகும் கமிஷன். சில ஆண்டுகளுக்கு முன் என் நண்பர் குடும்பம் வாடகைக் காரில் கும்பகோணம் வந்தது. நாச்சியார்கோவில் விளக்கு வாங்க வேண்டும் என்று அவர்கள் சொன்னதைக் கேட்ட ஓட்டுநர், 'பட்டறை விலைக்கே கிடைக்கும்' என்று சொல்லி, நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றில் வண்டியை நிறுத்தியிருக்கிறார். அங்கே எடை போடாமல் ஜோடிக்கு இவ்வளவு என்று விலை சொன்னார்கள். கொஞ்சம் குறைத்துக் கேட்டதும் ஒப்புக்கொண்டார்கள். மலிவாக வாங்கிவிட்டோம் என்ற மகிழ்ச்சியுடன் நண்பர் அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மாமா அதைத் தராசில் வைத்துக் கணக்குப் போட்டபோது, பட்டறை விலையைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கொடுத்திருப்பது தெரிந்தது. விளக்கில் குறை ஒன்றும் இல்லை. அதை வார்த்தவருக்கு அந்தக் கூடுதல் பணத்தில் ஒரு ரூபாய்கூடப் போய்ச் சேர்ந்திருக்காது என்பதுதான் மாமாவுக்கு வருத்தமாக இருந்தது, எனக்கும்தான்.

ஆகவே, எடையில் விற்கும் பொருளை எடையிலேயே வாங்குங்கள். நாச்சியார்கோவில் விளக்குக்குப் பித்தளை விலையையும் கூலியையும் சேர்த்துக் கிலோவுக்கு இவ்வளவு என்றுதான் பட்டறையில் கணக்கிடுவார்கள். அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் என்று தனித்தனியாக வார்த்து, கடைசல் பிடித்து, மரையிட்டுப் பூட்டிய பொருள் அது. எனவே கழற்றிப் பார்த்து, மரை சரியாகப் பொருந்துகிறதா என்று சோதித்து வாங்கலாம். எந்தப் பட்டறைக்காரரும் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கும்பகோணத்திலிருந்து 10 கிலோமீட்டர் தூரம்தான். பேருந்தில் நீங்களாகப் போய் இறங்கினால், இடையில் யாருக்கும் பங்கு இல்லை.

சுவாமிமலைச் சிலைக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிய வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் அச்சை உடைத்துவிடுவதால் ஓர் அச்சுக்கு ஒரே சிலைதான். அதன்பிறகு நாள்கணக்கில் உளி வேலை நடக்கிறது. ஒரே எடையுள்ள இரண்டு சிலைகளுக்கு வெவ்வேறு விலை சொன்னால் ஏமாற்று என்று முடிவு கட்டிவிடாமல், விரல்களையும் ஆடை மடிப்புகளையும் உற்றுப் பாருங்கள். வேலையின் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். நேர்த்தியாக வேலை செய்த ஸ்தபதியிடம் பாதி விலைக்குக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால், 'இது பழைய காலத்துச் சிலை' என்று ரகசியமாகச் சொல்லி யாராவது விலையைக் கூட்டினால் உடனே விலகிவிடுங்கள். பெரும்பாலும் அது புதிதாகவே இருக்கும்; உண்மையிலேயே பழையதாக இருந்தால், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் கீழ் நீங்களும் சிக்கலில் மாட்டிக்கொள்வீர்கள்.

தலையாட்டி பொம்மை, தஞ்சாவூர்த் தட்டு, தஞ்சை ஓவியம் ஆகியவற்றுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. தமிழக அரசின் பூம்புகார் விற்பனை நிலையத்தில் விலைச் சீட்டு ஒட்டியே வைத்திருப்பார்கள். முதல் நாளே அங்கே போய் விலைகளைப் பார்த்துக்கொண்டால், பிறகு எந்தக் கடைக்குப் போனாலும் உங்கள் கையில் ஓர் அளவுகோல் இருக்கும். தஞ்சை ஓவியத்தில் ஒட்டியிருப்பது தங்கத் தகடா, பளபளக்கும் சாதாரணத் தாளா என்பதைக் கேட்டு, அதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். விலையில் பெரிய வித்தியாசம் அங்கேதான் வருகிறது. பட்டுப் புடவை என்றால் திருபுவனத்தில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடை இருக்கிறது; தனியார் கடையில் வாங்கினால் அசல் பட்டு என்பதைக் காட்டும் பட்டு முத்திரைச் சீட்டு (சில்க் மார்க்) இருக்கிறதா என்று பாருங்கள்.

கோயில்களில் கவனிக்க வேண்டியது வேறு. பெரிய கோயிலுக்கும் தாராசுரத்துக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் நுழைவுக் கட்டணமே கிடையாது. தஞ்சாவூர் அரண்மனைக்குக் கட்டணம் உண்டு. அதைச் சீட்டுக் கவுண்டரில் மட்டும் செலுத்துங்கள். அர்ச்சனைக்கும் அபிஷேகத்துக்கும் கோயிலுக்குள் கட்டணப் பலகை இருக்கும், ரசீதும் தருவார்கள். நவக்கிரகத் தலங்களில் வாசலிலேயே வழிமறித்து, பரிகாரத்துக்கு மொத்தமாக இவ்வளவு என்று பேசுபவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'செருப்பை இங்கயே விடுங்க, தட்டை எடுத்துக்குங்க, காசு அப்புறம் குடுக்கலாம்' என்று சில கடைகளில் அன்பாக அழைப்பார்கள். தரிசனம் முடித்துத் திரும்பும்போது அர்ச்சனைத் தட்டின் விலை நீங்கள் நினைத்ததைவிடப் பலமடங்காக இருக்கும். பூவும் தேங்காயும் சாமிக்குப் போய்விட்டதால் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. தட்டைக் கையில் வாங்குமுன் விலையைக் கேளுங்கள். பெரியவர்கள் உடன் வரும்போது கூச்சத்தால் இதைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம். நானே வெளியூர்க் கோயில்களில் அப்படிப் பணம் கொடுத்திருக்கிறேன்.

போக்குவரத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர்களில் ஆட்டோவுக்கு மீட்டர் போட்டு நான் பார்த்ததில்லை. எல்லாம் பேச்சு வாடகைதான். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் முதலில் நெருங்கும் ஆட்டோவில் ஏறாமல், ஒரு டீக்கடையில் காப்பி குடித்துக்கொண்டே, 'பெரிய கோயிலுக்கு ஆட்டோவில் என்ன கேட்பார்கள்?' என்று விசாரித்துவிடுங்கள். தஞ்சாவூர் ரயில் நிலையத்திலிருந்து பெரிய கோயில் ஏறத்தாழ 2 கிலோமீட்டர்தான். பேருந்தில் வந்தால் புதிய பேருந்து நிலையத்தில் இறங்குவீர்கள். அது ஊருக்கு வெளியே இருக்கிறது, ஆனால் பழைய பேருந்து நிலையத்துக்கு நகரப் பேருந்துகள் போய்க்கொண்டே இருக்கும். சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், உங்கள் அம்மாவுக்குச் செலவே ஆகாது. ஒன்பது நவக்கிரகக் கோயில்களையும் பார்க்கும் எண்ணம் இருந்தால், கும்பகோணத்திலிருந்து வார இறுதியில் புறப்படும் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் சிறப்புப் பேருந்தை விசாரியுங்கள், 2024இல் தொடங்கியது. அது வாடகைக் காரைவிட மிகவும் மலிவு, கமிஷன் கடையிலும் நிற்காது.

அப்பாவுக்கு முழங்கால் வலி என்று எழுதியிருப்பதால் கார்தான் வசதி என்றால், ஏறுவதற்கு முன் நாள் வாடகையா, கிலோமீட்டர் கணக்கா, ஓட்டுநர் பேட்டா, டோல், பார்க்கிங் எல்லாம் அதில் அடக்கமா என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே வாங்கிக்கொள்ளுங்கள். 'நாங்கள் சொல்லாத கடையில் நிறுத்த வேண்டாம்' என்பதையும் அப்போதே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். நல்ல ஓட்டுநர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

கடைகளில் தண்ணீர் பாட்டிலுக்கோ பிஸ்கட்டுக்கோ அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. 'கூலிங் சார்ஜ்' என்பதும் செல்லாது. வாக்குவாதம் வேண்டாம், நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

தங்கும் அறையில் மட்டும் இந்த யோசனைகள் அவ்வளவாகப் பலிக்காது. முகூர்த்த நாள்களிலும் குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சியை ஒட்டிய நாள்களிலும் கும்பகோணத்து விடுதிகளில் அறை கிடைப்பதே கடினம். 2028இல் மகாமகம் வருகிறது, அப்போது இன்னும் நெருக்கடியாக இருக்கும். பஞ்சாங்கத்தைப் பார்த்து, முகூர்த்தம் இல்லாத வாரநாள்களில் வருவதுதான் ஒரே வழி. நீங்கள் வரும் தேதிகளை இங்கே எழுதினால், அந்த நாள்களில் ஊரில் என்ன விசேஷம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.