படிப்பே இல்லாத சிலர் படித்தவர்களைவிட விவேகமாக இருக்கிறார்களே, எப்படி?

பட்டுத் தெரிந்துகொள்வதால்தான். பரீட்சையில் வரும் கேள்விக்கு எங்கேயோ ஒரு விடை எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது நமக்கு முன்பே தெரியும். ஆனால் நெருங்கிய நண்பர் காரணம் சொல்லாமல் விலகிப்போகும்போதோ, வயதான அப்பாவுக்கு அறுவை சிகிச்சை செய்யலாமா வேண்டாமா என்று டாக்டர் நம்மிடமே முடிவைக் கேட்கும்போதோ, எந்தப் பாடத்தைப் புரட்டுவது?

அரிஸ்டாட்டில் இதை 2,300 ஆண்டுகளுக்கும் முன்பே சொல்லிவிட்டார். இளம் வயதிலேயே வடிவியலில் கெட்டிக்காரராகிவிடலாம், நடைமுறை விவேகம் மட்டும் அப்படி வராது, அது ஒவ்வொரு சம்பவமாகப் பார்த்துப் பழகி வருவது, அதற்குக் காலம் பிடிக்கும் என்றார்.

என் பெரியம்மா ஒருவர் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். உறவுக்குள் யாருக்குள் சண்டை வந்தாலும் அவரிடம்தான் போவோம். அவர் முதல் நாள் தீர்ப்பே சொல்ல மாட்டார். கோபமாக வந்தவரை முழுசாகப் பேசவிட்டு, "சரி, நாளைக்கு வா" என்று அனுப்பிவிடுவார், மறுநாள் வருபவருக்குப் பாதிக் கோபம் தானாகவே இறங்கியிருக்கும். இதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, சூட்டோடு பேசி முறிந்த உறவுகளைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். இத்தனைக்கும் சொந்த மகனோடு பல வருஷம் பேசாமல் இருந்தவர் அவர்! கிராஸ்மன், கிராஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2014இல் இதைத்தான் ஆராய்ந்து எழுதினார்கள்: அடுத்தவர் பிரச்சினை என்றால் மனிதர்கள் நிதானமாக யோசிக்கிறார்கள், அதே பிரச்சினை தனக்கு வந்தால் அந்த நிதானம் குறைகிறது.

அதற்காக வயசானால் போதும், விவேகம் வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. நோயாளியின் உடம்பிலிருந்து ரத்தத்தை வடியவிடும் வைத்தியம் சுமார் 2,000 வருஷம் நடந்தது. செய்தவர்கள் அனுபவசாலிகள்தான். பிழைத்தவனை வைத்தியம் காப்பாற்றியது, செத்தவனை நோய் கொன்றது என்று கணக்கு வைத்துக்கொண்டால் எத்தனை தலைமுறை அனுபவம் இருந்து என்ன பயன்? 1830களில் பாரிஸில் பியேர் லூயி என்ற மருத்துவர் நோயாளிகளை உட்கார்ந்து எண்ணிப் பார்த்த பிறகுதான், இதனால் பெரிதாகப் பலன் இல்லை என்பது தெரியவந்தது. படிப்பு இந்த இடத்தில் கைகொடுக்கிறது, அதனால் "படிப்பெல்லாம் வேஸ்ட்" கோஷ்டியில் என்னைச் சேர்க்க வேண்டாம்.

கானமன், கிளைன் என்ற இரண்டு உளவியலாளர்கள் உள்ளுணர்வை நம்பலாமா என்பதில் எதிரெதிர்க் கட்சி. கிளைன் தீயணைப்பு அதிகாரிகள் நொடியில் சரியாக முடிவெடுப்பதை ஆராய்ந்தவர், கானமன் நிபுணர்கள் எப்படியெல்லாம் தப்புக்கணக்கு போடுகிறார்கள் என்று ஆராய்ந்தவர். 2009இல் சேர்ந்து எழுதியபோது இருவரும் ஒத்துக்கொண்ட விஷயம் இது: வேலையில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், எடுத்த முடிவு சரியா தப்பா என்பது திரும்பி வந்து காதில் விழ வேண்டும். அப்போதுதான் அனுபவம் படியும். தன் முடிவின் விளைவை எதிரில் சந்திக்காத ஒருவர், எதிர்த்துப் பேச ஆளே இல்லாத பதவியில் முப்பது வருஷம் இருந்தவர் மாதிரி, கடைசிவரை முதல் நாள் தெரிந்ததோடு நின்றுவிடலாம்.

அதனால் யாராவது "என் அனுபவத்துல சொல்றேன்" என்று ஆரம்பித்தால், இத்தனை வருஷத்தில் எந்த விஷயத்தில் உங்கள் எண்ணம் மாறியிருக்கிறது என்று கேட்டுவிடுவேன். சிலருக்குக் கோபம் வரும். சிலர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு கதை சொல்வார்கள், அவர்களிடம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம்.