மலையகத்தில் கேலியால் ஏதாவது மாறுமா?

தலைவர்மாரைக் கிண்டல் பண்ணும் டிக்டொக் வீடியோக்கள் இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் பெருகிவிட்டன, இவற்றால் ஏதாவது மாறுமா, இல்லை வெறும் பொழுதுபோக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். தலவாக்கலைப் பக்கம் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்த எனக்குத் தெரிந்து, கேலி யாருடைய சம்பளத்தையும் கூட்டவில்லை. பயத்தைக் குறைத்திருக்கிறது. அதுவும் கேலி பண்ணியது யார் என்று தெரியாமல் இருக்கும் வரைக்கும்தான்.

எங்கள் ஆட்களுக்குக் கேலி புதிது இல்லை. துரை, சின்னத்துரை, கண்டக்டர், கணக்கப்பிள்ளை, கங்காணி என்று தலைக்கு மேல் இத்தனை பேர் நிற்கும் இடத்தில், நேருக்கு நேர் பேசினால் அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், விழும். அதனால் பட்டப்பெயர் வைத்தார்கள். எங்கள் தோட்டத்தில் ஒரு கணக்கப்பிள்ளை, கொழுந்து நிறுக்கும்போது ஈரம், பை எடை என்று சொல்லி எப்போதும் நாலு கிலோ கழிப்பார். அவருக்கு வைத்த பெயர் 'உருளைக்கிழங்கு'. அவர் மலையேறி வருவது தெரிந்தால் போதும், ஒரு அக்கா பக்கத்து நிரைக்குக் குரல் கொடுப்பார்: "ஏண்டி, உருளைக்கிழங்கு நாலு கிலோ என்ன வெல?" நிரை முழுக்கச் சிரிக்கும். அவருக்கு விளங்காமலா இருக்கும்? ஆனால் உருளைக்கிழங்கு விலை கேட்டதற்கு யாருக்கு அரைப்பேர் போடுவது? அந்தப் பெயரை முதலில் வைத்தது யார் என்று இன்றைக்கும் தெரியாது. அடுத்த மாதமும் நாலு கிலோ கழிந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

வெள்ளைக்காரத் துரைமாருக்குத் தமிழ் படிக்க 19ஆம் நூற்றாண்டிலேயே கையேடு அச்சடித்தார்கள். அப்படி ஒன்றுக்குத் தலைப்பே 'இங்கே வா'. ஏவுவதற்கு மட்டும் தமிழ் படித்தவர் காதில் கொழுந்துக்காரிகள் பாடும் பாட்டு எங்கே ஏறும்? அவருக்கு முன்னாலேயே பாடிவிட்டுப் போகலாம். மலைநாட்டுப் பாட்டுகளைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை, 1947இல் தலவாக்கலைக்குப் பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். அவரைப் போன்ற சிலர் எழுதி வைத்ததால்தான் அந்த வாய்மொழியில் கொஞ்சமாவது நம் கைக்கு வந்தது.

தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று ஆசை காட்டித்தான் எங்கள் முன்னோரைக் கடல் தாண்டிக் கூட்டிவந்தார்கள் என்பார்கள். ஏமாந்தவர்கள் அதைச் சொல்லி அழுதுகொண்டே இருக்கவில்லை. யாராவது பெரிதாக வாக்குக் கொடுத்தால் இன்றைக்கும் கிழவிகள் "ஆமா, தேங்காயும் மாசியும்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்புவார்கள். ஒரு தேர்தல் பேச்சையே கவிழ்க்க அந்த மூன்று சொல் போதும்.

காமன் கூத்தையும் சொல்ல வேண்டும். மாசியில் கம்பம் நட்டு, பௌர்ணமியில் மன்மதனை எரிப்பது வரை கதை நீளும். மன்மதன் ரதிக்காகக் கூடுகிற கூட்டத்தில் பாதிப் பேர் கோமாளிக்காகத்தான் கண் விழிப்பார்கள் என்பது என் கணிப்பு. எங்கள் ஊர்க் கோமாளி பகலில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுபவர். ராத்திரி முகத்தில் பூசிக்கொண்டு வந்தால் கோயில் கணக்கு, கூரைத் தகரம் பங்கிட்டதில் நடந்த கூத்து எல்லாவற்றையும் தோட்டத்துச் சங்கத் தலைவரின் நாற்காலிக்கு முன்னால் நின்றே இழுப்பார். மறுநாள் தலைவர் முறைத்தால், "நான் எங்கண்ணே சொன்னேன், கோமாளியில்ல சொன்னான்" என்பார். தலைவரும் சிரித்துத்தான் ஆக வேண்டும். கோபப்பட்டால் அது தன்னைப் பற்றியதுதான் என்று அவரே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

கேலி கூட்டமாக மாறிய காலமும் உண்டு. தோட்டத்துக்குள் வெளியாள் நுழைய முடியாத நாளில் புடவை வியாபாரி வேஷத்தில் உள்ளே போனவர் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர். அவர் மனைவி மீனாட்சியம்மாள், எல்லாருக்கும் தெரிந்த மெட்டுகளில் தொழிலாளர் படும் பாட்டைப் பாடலாக்கிக் கூட்டங்களில் பாடினார். அங்கே பாட்டுக்குப் பின்னால் ஒரு சங்கம் நின்றது. இன்றைய வீடியோக்களுக்குப் பின்னால் 'லைக்' நிற்கிறது.

அதற்காக இப்போதுள்ள கிண்டல் மட்டம் என்று சொல்லமாட்டேன். நாள் சம்பளமாக ஆயிரம் ரூபா கேட்டுக்கொண்டிருந்த வருடங்களில் 2016 ஒப்பந்தத்தில் எல்லாம் சேர்த்து 730 வந்தது, 2019இல் அடிப்படைச் சம்பளம் 700 ஆனது. எங்கள் ஊரில் கடன் கேட்டவர்கள் "ஆயிரம் வந்ததும் தாறேன்" என்பார்கள், கொடுத்தவரும் சிரித்துக்கொண்டே அந்தக் காசை மறந்துவிடுவார். 2021இல் சம்பள நிர்ணய சபை வழியாக ஆயிரம் வந்தது. அடுத்த வருடமே மாவு விற்ற விலையில் அந்த ஆயிரமும் பகிடியாகிப் போனது. 2024 மே தினத்தன்று கொட்டகலை மேடையில் 1700 என்று அறிவித்தார்கள், செப்டெம்பரில் அரசு வர்த்தமானியில் வந்தது 1350. "மிச்சம் 350 தேயிலைத் தூருல இருக்காம், தோண்டிப் பாருங்க" என்று ஒரு வட்ஸ்அப் படம் வந்தது. எந்தப் பொருளாதார நிபுணரின் கட்டுரையும் இவ்வளவு சுருக்கமாக எனக்கு விளக்கியதில்லை.

கேலி எல்லாமே நல்லது என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் பேச்சைக் கோணலாகப் பேசிக் காட்டி மேடையிலும் நாடகத்திலும் சிரிப்பு வாங்கிய ஆட்கள் நிறைய. 'தோட்டக்காட்டான்' என்று கூப்பிட்டுவிட்டு, பகிடிக்குத்தானே சொன்னேன் என்பவரைப் பள்ளிக்கூடத்திலிருந்தே பார்க்கிறோம். திருப்பிக் கேலி பண்ண முடியாதவனைப் பார்த்துச் சிரிப்பதற்கு என்ன திறமை வேண்டும்?

இனி உங்கள் வீடியோ விஷயம். கூத்துக் கோமாளிக்கு முகப்பூச்சு இருந்தது, பட்டப்பெயருக்கு ஆளே கிடையாது. டிக்டொக்கில் முகமும் பெயரும் சேர்ந்தே வருகின்றன. 2023 மே மாதம் நதாஷா எதிரிசூரிய என்ற மேடை நகைச்சுவைக் கலைஞரை, பௌத்தத்தை இழிவுபடுத்தினார் என்று சொல்லிக் கைது செய்தார்கள், ஜூலையில்தான் பிணை கிடைத்தது. 2024இல் இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்துவிட்டது. ஆனால் தோட்டத்துப் பையனை அடக்க அவ்வளவு பெரிய சட்டம் எதற்கு? வீட்டுத் திட்டப் பட்டியலில் அம்மாவின் பெயர் இருக்கிறதா இல்லையா என்று யாராவது ஒருமுறை விசாரித்தால் போதும்.

அதைவிட லேசான வழியும் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பையன் தலைவர் மாதிரியே நடந்து, கும்பிட்டு, மைக்கைத் தட்டிக் காட்டுவான். அசல் தோற்றுப்போகும். போன வருடம் ஒரு விழாவில் தலைவரே அவனை மேடைக்குக் கூப்பிட்டு, "நம்ம புள்ள, நல்ல திறமை" என்று பொன்னாடை போர்த்தினார். இப்போதும் அவன் வீடியோ போடுகிறான். அதில் மாமியாரும் மருமகளும் சண்டை பிடிக்கிறார்கள்.