பெண்கள் எம்பிஏ படிக்க உதவித்தொகை உண்டா?

அம்பாசமுத்திரத்தில் பி.காம் முடித்த பெண், அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலோ வெளியிலோ எம்பிஏ படிக்க என்ன உதவி கிடைக்கும் என்பது கேள்வி.

முதலில் ஒரு குழப்பம். மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் இளநிலை, பட்டயம், ஐடிஐ படிப்புகளுக்குத்தான். பி.காம் படிக்கும்போது வந்த பணம் எம்பிஏவுக்கும் தொடரும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள், தொடராது. முதல் பட்டதாரி சலுகையும் அப்படியே.

எஸ்சி, எஸ்டி மாணவியருக்கு மெட்ரிக் பிந்தைய (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்போருக்கான) உதவித்தொகை முதுநிலைக்கும் உண்டு. குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம். பிசி, எம்பிசி மாணவியருக்குத் தனித் திட்டம் இருக்கிறது. இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழுக்கு இப்போதே எழுதிப் போடுங்கள். ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். அப்பா கணக்கைக் கொடுத்தால் வேலைக்காகாது.

மிச்சத்துக்குக் கல்விக் கடன்தான். வித்யாலட்சுமி இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். 4 லட்சம் வரை பொதுவாக அடமானம் கேட்பதில்லை. ஐஐஎம் எனப்படும் இந்திய மேலாண்மைக் கழகங்களில் வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவியும் உண்டு, கட்டணத்தைக் கண்டு மிரள வேண்டாம்.

வெளிநாடு என்றால், வணிகக் கல்வியில் பெண்களை ஊக்குவிக்கும் ஃபோர்டே அறக்கட்டளையின் ஃபெலோஷிப் (படிப்புக்கான நிதியுதவி) இருக்கிறது. அதன் கூட்டாளிக் கல்லூரிகள் வழியாகத்தான் கிடைக்கும், ஆகவே முதலில் கல்லூரிப் பட்டியலைப் பாருங்கள்.