தாய் பாணி சிக்கன் சாலட்: மொறுமொறுப்பு போகாமல் இருக்க என்ன வழி?

தாய் பாணி சிக்கன் சாலட், அதன் மேல் ஊற்றும் வேர்க்கடலை டிரெஸ்ஸிங் இரண்டையும் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: கலக்கும்போது நன்றாக இருக்கிறது, சாப்பிட உட்காரும்போது தொளதொளவென்று ஆகிவிடுகிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முட்டைகோஸ், கேரட், வெள்ளரி எல்லாம் நறுக்கி டிரெஸ்ஸிங் கலந்து வைத்தேன். அரை மணி நேரத்தில் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் நிற்கிறது. ஏன்?

நறுக்கிய காயில் உப்போ சர்க்கரையோ பட்டதும் காய்க்குள் இருக்கும் தண்ணீர் வெளியே வரத் தொடங்கும். இந்த டிரெஸ்ஸிங்கில், மீனை உப்பில் புளிக்கவைத்து எடுக்கும் ஃபிஷ் சாஸ் இருக்கிறது, அது ஏறக்குறைய உப்புக் கரைசல்தான். வெல்லமும் சேர்கிறது. ஆக, கலந்த நிமிடத்திலிருந்தே காய் தன் தண்ணீரை இழக்கிறது. அந்தத் தண்ணீர் டிரெஸ்ஸிங்கோடு சேர்ந்து அதையும் நீர்க்கச் செய்கிறது. காயின் மொறுமொறுப்பும் போச்சு, சாஸின் ருசியும் போச்சு.

எனவே முதல் விதி, சாப்பிடுவதற்கு ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் கலக்க வேண்டும். அதைவிட அதிகம் பேர் கவனிக்காத ஒன்று, காயைக் கழுவிய தண்ணீர். ஈரம் ஒட்டியிருக்கும் காயில் வேர்க்கடலை டிரெஸ்ஸிங் பிடிக்கவே பிடிக்காது, வழுக்கிக்கொண்டு அடியில் போய்த் தங்கிவிடும். நறுக்கிய கோஸையும் கேரட்டையும் 15 நிமிடம் ஐஸ் தண்ணீரில் போட்டால் நன்றாக விறைத்துக்கொள்ளும். அப்புறம் அவற்றைச் சுத்தமான பருத்தித் துணியில் பரப்பி, சுருட்டி, ஒற்றி எடுங்கள். வடிகட்டியில் கொட்டி வைத்தால் மட்டும் போதாது. வெள்ளரியை நீளவாக்கில் பிளந்து, விதைப் பகுதியை ஸ்பூனால் வழித்துப் போட்டுவிடுங்கள், தண்ணீர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. தக்காளியை இந்த சாலட்டில் நான் சேர்ப்பதே இல்லை.

கோஸை உப்புப் போட்டுப் பிசறிப் பிழிந்துவிட்டுச் சேர்க்கலாம் என்கிறார்களே?

சேர்க்கலாம், ஆனால் அது வேறு வகை சாலட். அரைக் கிலோ கோஸுக்கு ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டு அரை மணி நேரம் வைத்துப் பிழிந்தால், ஊறுகாய்க் காய் போல வளைந்துகொடுக்கும் ஒரு மொறுமொறுப்பு கிடைக்கும். பச்சைக் கோஸின் 'நறுக்' போய்விடும். விருந்தில் ஒரு மணி நேரம் மேசையில் இருக்கப்போகிறது என்றால் இந்த வழிதான் சரி, ஏனென்றால் வர வேண்டிய தண்ணீரை முன்கூட்டியே எடுத்துவிடுகிறோம். ஃபிஷ் சாஸை மட்டும் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நாலு பேர் உடனே சாப்பிடப்போகிறீர்கள் என்றால் இந்த வேலையே வேண்டாம்.

எவ்வளவு மெல்லிசாக நறுக்க வேண்டும்? ஊதா கோஸ் போடலாமா?

கோஸ் இரண்டு மில்லிமீட்டர். அதைவிடத் தடியாக இருந்தால் தாடை வலிக்கும், தாள் போல இருந்தால் சீக்கிரம் தொய்யும். கேரட்டைத் துருவாதீர்கள், தீக்குச்சி போல நறுக்குங்கள். துருவல் சாறு விடும்.

ஊதா கோஸ் தாராளமாகப் போடலாம். எலுமிச்சைப் புளிப்பு பட்டால் அதன் நிறம் சிவந்து, பக்கத்தில் இருக்கும் சிக்கனிலும் ஏறும். அதனால் கடைசியில் சேருங்கள்.

பீனட் பட்டரில் எலுமிச்சைச் சாறு ஊற்றியதும் சிமெண்ட் மாதிரி இறுகிவிட்டது. எண்ணெய் ஊற்றியும் சரியாகவில்லை. கெட்டுப்போய்விட்டதா?

இல்லை. பாதி வழியில் நிறுத்திவிட்டீர்கள், அவ்வளவுதான்.

பீனட் பட்டர் என்பது எண்ணெயில் மிதக்கும் நுண்ணிய கடலைத் துகள்கள். அதில் ஈரம் மிகக் குறைவு. கொஞ்சம் தண்ணீரோ சாறோ பட்டதும் அந்தத் துகள்கள் அதை உறிஞ்சிக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதைத்தான் இறுகல் என்கிறீர்கள். அந்த நேரத்தில் எண்ணெய் ஊற்றினால் அது தனியாகப் பிரிந்து நிற்கும். வேண்டியது இன்னும் தண்ணீர்தான். வெந்நீரை ஒரு ஸ்பூன் ஊற்றிக் கலக்குங்கள், அப்புறம் இன்னொரு ஸ்பூன். மூன்றாவது நான்காவது ஸ்பூனில் திடீரென்று இளகி, நிறம் வெளுத்து, க்ரீம் போல ஆகிவிடும்.

நாலு பேருக்கு என் அளவு இது: பீனட் பட்டர் நான்கு டேபிள்ஸ்பூன், எலுமிச்சைச் சாறு இரண்டு, ஃபிஷ் சாஸ் ஒன்றரை, பொடித்த வெல்லம் ஒன்று, துருவிய இஞ்சி ஒரு டீஸ்பூன், நசுக்கிய பூண்டு ஒரு சின்னப் பல், மிளகாய் உங்கள் தைரியத்துக்கு ஏற்ப. வெந்நீர் மூன்று முதல் ஐந்து டேபிள்ஸ்பூன் வரை பிடிக்கும். முதலில் வெல்லத்தைச் சாறிலும் ஃபிஷ் சாஸிலும் கரைத்துவிட்டு, அதன் பிறகு பீனட் பட்டரில் ஊற்றுங்கள், வெல்லக் கட்டி பல்லில் மாட்டாது. ஸ்பூனின் பின்புறத்தில் படிந்து நிற்கும் பதம் வந்தால் நிறுத்தலாம். தனியாக நக்கிப் பார்க்கும்போது கொஞ்சம் அதிகப்படியாகவே உப்பும் புளிப்பும் தெரிய வேண்டும். உப்பே இல்லாத ஒரு குவியல் காயின் மேல் இது போகிறது என்பதை மறக்காதீர்கள்.

பீனட் பட்டர் வாங்கும்போது பாட்டிலின் பின்பக்கம் படியுங்கள். கடலையும் உப்பும் மட்டும் இருப்பது நல்லது. சர்க்கரை சேர்த்த வகைதான் கையில் இருக்கிறது என்றால் வெல்லத்தை விட்டுவிட்டு ருசி பாருங்கள்.

இது உண்மையிலேயே தாய்லாந்து உணவுதானா?

தாய் 'பாணி' என்று சொல்வதுதான் நேர்மை. தாய்லாந்தில் 'யாம்' என்ற சாலட் குடும்பமே இருக்கிறது. அதில் எலுமிச்சை, ஃபிஷ் சாஸ், சர்க்கரை, மிளகாய் கலந்த, தண்ணீராக ஓடும் டிரெஸ்ஸிங்தான் வழக்கம். பச்சைப் பப்பாளியை உரலில் இடித்துச் செய்யும் 'சோம் தாம்' சாலட்டில் வறுத்த வேர்க்கடலை உண்டு, ஆனால் முழுதாகவோ ஒன்றிரண்டாகவோதான். கெட்டியான வேர்க்கடலை சாஸை அங்கே அதிகம் பார்ப்பது 'சத்தே' என்னும் குச்சிக் கறியோடு. வேர்க்கடலையும் தேங்காய்ப் பாலும் சேர்த்த டிரெஸ்ஸிங் ஊற்றும் 'சலத் கேக்' என்ற சாலட்டும் இருக்கிறது, நம் கிண்ணத்துக்கு நெருங்கிய சொந்தம் என்றால் அதுதான். கோஸ், சிக்கன், பீனட் பட்டர் என்று இன்று உலகம் முழுக்கச் செய்யும் வடிவம் இவற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டது. அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் வறுத்த எள்ளெண்ணெயைக் கரண்டிக் கணக்கில் ஊற்றிவிட்டுத் தாய் என்று சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். அந்த வாசனை சீன, கொரியச் சமையலுடையது. ஒரு ஸ்பூன் விழுந்தாலே மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

தாய் ருசி நெருங்கி வர வேண்டும் என்றால் இலைகளில் கஞ்சத்தனம் வேண்டாம். கொத்தமல்லி, புதினா இரண்டும் கைப்பிடி கைப்பிடியாக. கொத்தமல்லி வேரைத் தாய்லாந்தில் தூக்கி எறிவதில்லை, பூண்டோடும் மிளகோடும் இடித்து எத்தனையோ உணவுகளுக்கு அடிப்படையாக வைக்கிறார்கள். வேரோடு கிடைத்தால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, டிரெஸ்ஸிங்குக்கான பூண்டோடு சேர்த்து இடித்துப் பாருங்கள்.

சிக்கன் நெஞ்சுப் பகுதியை வேகவைத்தால் நார் நாராக, தக்கை மாதிரி ஆகிவிடுகிறது.

கொதிக்கவிடுகிறீர்கள். நெஞ்சுப் பகுதியில் கொழுப்பு மிகக் குறைவு. சூடு ஏற ஏற அதன் தசை இறுகி, உள்ளே இருக்கும் சாறைப் பிழிந்து வெளியேற்றிவிடும். வேகவைத்த தண்ணீரிலேயே கிடந்தாலும் அந்தச் சாறு திரும்ப உள்ளே போகாது.

துண்டுகளைக் குளிர்ந்த தண்ணீரில் மூழ்க வைத்து, லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் உப்பு, இரண்டு வில்லை இஞ்சி, கொத்தமல்லித் தண்டு போடுங்கள். மிதமான தீயில், ஓரங்களில் சின்னக் குமிழ்கள் வரும் வரை சூடாக்குங்கள். உடனே அடுப்பை அணைத்து மூடிவிடுங்கள். 200 கிராம் அளவுள்ள துண்டுக்கு 15 முதல் 20 நிமிடம் ஆகும். மிகவும் தடியாக இருந்தால் முதலிலேயே கிடைமட்டமாக இரண்டாகப் பிளந்துகொள்ளுங்கள். நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும், இதில் சமரசம் கிடையாது. நூறு சமையல் சாமான் வாங்குகிறோம், ஒரு தெர்மாமீட்டர் வாங்க மட்டும் ஏனோ யோசிக்கிறோம். 74 வராவிட்டால் மறுபடி லேசாகச் சூடாக்கி இன்னும் சில நிமிடம் விடுங்கள். பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவ வேண்டாம், தெறிக்கும் நீர்த்துளிகள் கிருமியைப் பக்கத்தில் இருக்கும் சாலட் காய் வரை கொண்டுபோகும்.

வெளியே எடுத்துப் பத்து நிமிடம் ஆறவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போதே கையால் நாரோடு பிய்த்துவிடுங்கள். மெல்லிய நூலாகப் பிய்க்காதீர்கள், சுண்டுவிரலில் பாதித் தடிமன் போதும். பிய்த்ததும் இரண்டு ஸ்பூன் டிரெஸ்ஸிங்கைச் சிக்கனில் மட்டும் பிசறி வையுங்கள். காயை வாட்டும் அதே உப்பும் புளிப்பும் சிக்கனுக்கு நல்லதுதான் செய்யும். முழுக்க ஆறிய பிறகே காயோடு சேரட்டும், சூட்டோடு சேர்ந்தால் இலைகள் கருத்துவிடும்.

வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். டிரெஸ்ஸிங்கை இளக்க வெந்நீருக்குப் பதில் அதையே ஊற்றலாம்.

தொடைக்கறி போடலாமா?

போடலாம், அது இன்னும் ருசி. ஆனால் 74-இல் நிறுத்தினால் சவ்வுபோல இழுக்கும். 80-க்கு மேல் போகவிட்டால்தான் மிருதுவாகும். எலும்பில்லாத தொடையை வாணலியில் தோல் மொறுமொறுவென்று ஆகும்வரை வாட்டி, துண்டு போட்டுச் சேருங்கள்.

ஃபிஷ் சாஸ் வாசனை வீட்டில் யாருக்கும் ஆகாது. விட்டுவிடலாமா?

பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். நெத்திலி மாதிரி சிறு மீன்களை உப்பில் போட்டு மாதக்கணக்கில் புளிக்கவைத்து எடுப்பது, முகர்ந்தால் அப்படித்தான் இருக்கும். எலுமிச்சையோடும் கடலையோடும் சேர்ந்த பிறகு மீன் நினைவுக்கே வராது, ஒரு ஆழமான உப்புச் சுவை மட்டும் நிற்கும். அரை ஸ்பூனில் தொடங்கிப் பாருங்கள்.

வேண்டவே வேண்டாம் என்றால் நிறம் குறைந்த சோயா சாஸ் அதே அளவு, கூட ஒரு சிட்டிகை உப்பு. ஆய்ஸ்டர் சாஸ் மாற்று ஆகாது. அது இனிப்பு, கெட்டி, வேறு வேலைக்கானது.

பாட்டில் எலுமிச்சைச் சாறு?

வேண்டாம். அதைவிட அரிசி வினிகர் மேல்.

மேலே தூவும் வேர்க்கடலையும் நூடுல்ஸும் நமத்துப்போகின்றன.

கடலையைக் கனமான வாணலியில், சிறு தீயில், எட்டிலிருந்து பத்து நிமிடம் கிளறிக்கொண்டே வறுக்க வேண்டும். பெரிய தீயில் வறுத்தால் வெளியே கருகும், உள்ளே பச்சையாகவே இருக்கும். சூடாக இருக்கும்போது கடித்துப் பார்த்தால் மெதுவாகத்தான் இருக்கும், ஆறினால்தான் மொறுமொறுக்கும். எதிர்பார்க்கும் நிறத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே தட்டில் கொட்டிவிடுங்கள், சொந்தச் சூட்டில் மேலும் வறுபடும். முழுக்க ஆறிய பிறகு இடியுங்கள். மிக்ஸி வேண்டாம், பாதி மாவாகிவிடும்.

மெல்லிய அரிசி நூடுல்ஸை ஊறவைக்காமல், காய்ந்தபடியே, நன்றாகச் சூடேறிய எண்ணெயில் போடுங்கள். சில நொடிகளில் வெள்ளையாகப் பொங்கிவிடும். ஒரு இழையைப் போட்டுப் பாருங்கள், உடனே பொங்காவிட்டால் எண்ணெய் இன்னும் காயவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், பல மடங்கு விரியும். சின்ன வெங்காயம் வறுப்பதானால் நேர்மாறு: மெல்லிசாகச் சீவி, குளிர்ந்த எண்ணெயில் போட்டு, அப்புறம் அடுப்பைப் பற்றவையுங்கள். ஈரம் நிதானமாக வெளியேறி ஒரே சீராகச் சிவக்கும். வெளிர்பொன்னிறத்திலேயே எடுத்துவிடுங்கள்.

இவை எதையும் கிண்ணத்துக்குள் கலக்காதீர்கள். தட்டில் பரிமாறிய பிறகு, மேலே.

குழந்தைக்கு வேர்க்கடலை ஒவ்வாமை. முந்திரி வெண்ணெய் பயன்படுத்தலாமா?

மருத்துவரைக் கேட்காமல் செய்யாதீர்கள். வேர்க்கடலை ஒவ்வாதவர்களில் சிலருக்கு மரக்கொட்டைகளும் ஒவ்வாது, ஒரே ஆலையில் அரைக்கும்போது ஒன்றில் மற்றொன்று கலப்பதும் உண்டு. எள்ளும் ஒவ்வாமை தரக்கூடியதுதான். சூரியகாந்தி விதை வெண்ணெய் பலர் பயன்படுத்தும் மாற்று, இறுகுவதும் இளகுவதும் பீனட் பட்டர் போலவே இருக்கும். ஆனாலும் லேபிளைப் படிக்காமல் வாங்க வேண்டாம்.

காரம் ஏறிவிட்டது, எப்படிக் குறைப்பது?

தண்ணீர் ஊற்றாதீர்கள். இன்னும் ஒரு ஸ்பூன் பீனட் பட்டரோ கெட்டித் தேங்காய்ப் பாலோ சேருங்கள். மிளகாயின் காரம் கொழுப்பில்தான் கரையும். அடுத்த முறை மிளகாயின் உள்ளே விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தண்டை எடுத்துவிடுங்கள், காரம் அதிகம் இருப்பது அங்கேதான்.

அலுவலகத்துக்கு மதிய உணவாகக் கொண்டுபோக முடியுமா? மிச்சமான டிரெஸ்ஸிங் எத்தனை நாள் தாங்கும்?

முடியும், அடுக்கும் முறையில்தான் விஷயம். அடியில் டிரெஸ்ஸிங், அதன் மேல் சிக்கன், பிறகு குடைமிளகாயும் கேரட்டும், அப்புறம் கோஸ், மேலே இலைகள். கடலையும் நூடுல்ஸும் தனி டப்பாவில். சாப்பிடும்போது தட்டில் கவிழ்த்தால் எல்லாம் தானாகக் கலந்துவிடும். வெள்ளரியை மட்டும் விட்டுவிடுங்கள், மதியம் வரை தாங்காது. சிக்கன் இருப்பதால் டப்பா ஃப்ரிட்ஜிலோ ஐஸ் பையோடோ இருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்தால் சாப்பிடாதீர்கள். வெந்த சிக்கனைத் தனியாக ஃப்ரிட்ஜில் மூன்று நாள் வைக்கலாம்.

டிரெஸ்ஸிங்கை மூடிய பாட்டிலில் ஃப்ரிட்ஜில் வைத்தால் நாலு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள், பச்சைப் பூண்டு இருக்கிறது. குளிரில் கெட்டியாகிவிடும். ஒரு ஸ்பூன் வெந்நீர் விட்டு அடித்தால் பழையபடி இளகும், ஆனால் எலுமிச்சை வாசனை மங்கியிருக்கும். புதிதாக அரை மூடி பிழிந்துகொள்ளுங்கள். சாலட்டுக்கு மறுபடி காய் நறுக்கச் சோம்பலாக இருந்தால் வெந்த நூடுல்ஸில் ஊற்றிக் கிளறிச் சாப்பிடலாம்.