அடைப்புக்குறிக்குள் ஒரு சாவு

அன்புள்ள ஐயா,

முதுகலை ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். வர்ஜீனியா வுல்ஃபின் 'டு த லைட்ஹவுஸ்' (1927) நாவலை உளப்பகுப்பாய்வு முறையில் ஆராய்ந்து கட்டுரை எழுத வேண்டும். அதில் வரும் சிறுவன் ஜேம்ஸுக்கு ஈடிபஸ் சிக்கல் (தாய்மேல் ஆசை, தந்தைமேல் பகை), கலங்கரை விளக்கம் ஆண்குறியின் குறியீடு என்று குறிப்பெடுத்துவிட்டேன். அடுத்து உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்டைப் படிப்பதா, நேராக அவருக்குப் பின் வந்த லக்கானுக்குப் போவதா? நடுப்பகுதி சலிப்பாக இருந்ததால் தாண்டிவிட்டேன். அது தேவைப்படுமா?

கே.

அன்புள்ள கே.,

லக்கான் இருக்கட்டும். உங்கள் கடைசி வரிக்காகத்தான் எழுதுகிறேன். ஒரு மாதமாக அந்த நடுப்பகுதியைத்தான் நானும் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். நாவலின் உயிரைத் தாண்டிப் போயிருக்கிறீர்கள்.

நாளை கலங்கரை விளக்கத்துக்குப் போக வானிலை சரியிருக்காது என்று அப்பா சொன்னதும், கோடரி கிடைத்தால் அவர் நெஞ்சைப் பிளந்திருப்பான் அந்த ஆறு வயது ஜேம்ஸ். இது தொடக்கப் பக்கங்களிலேயே பச்சையாக எழுதியிருக்கிறது. ஆசிரியரே வாசலில் வைத்துவிட்டுப் போனதைத் தோண்டி எடுத்ததாகச் சொன்னால் அது என்ன ஆய்வு? கலங்கரை விளக்கத்துக்குத் தான் எந்த அர்த்தமும் வைக்கவில்லை என்று வுல்ஃபே தன் நண்பரும் கலை விமர்சகருமான ரோஜர் ஃப்ரைக்கு எழுதினார். அதை விடுங்கள்.

கனவில் முக்கியமானது முக்கியமானதாக வராது, ஓரத்தில் போகிற போக்கில் வரும் என்றார் ஃப்ராய்ட். இடப்பெயர்ச்சி என்பது அதுதான். அந்தக் காதோடு நடுப்பகுதியைக் கேளுங்கள். பத்து வருடம் ஓடுகிறது. ஆளில்லாத வீடு, ஈரம், தூசி, மெல்ல அவிழும் ஒரு சால்வை. பக்கம் பக்கமாக அதுதான். நடுவே சதுர அடைப்புக்குறிக்குள் ஒரே வாக்கியம். இருட்டு விலகாத காலையில் இடைகழியில் தடுமாறி நடக்கும் திரு. ராம்சே, ஜேம்ஸின் அப்பா, கைகளை நீட்டுகிறார். மனைவி முந்தைய இரவு திடீரென்று இறந்துவிட்டதால் நீட்டிய கைகள் வெறுமையாகவே இருக்கின்றன. நாவலையே தாங்கிய பெண் ஒரு வினையெச்சத்தில் செத்துப்போகிறாள். முற்றுவினைகூட அவளுக்கு இல்லை.

வுல்ஃபின் தாய் ஜூலியா 1895இல் இறந்தபோது வர்ஜீனியாவுக்கு 13 வயது. நாற்பதுகள் வரை அம்மாவின் நினைவு தன்னை ஆட்டிவைத்தது, இந்த நாவலை எழுதியபின் அவள் குரல் கேட்பது நின்றுவிட்டது, உளப்பகுப்பாய்வாளர்கள் நோயாளிகளுக்குச் செய்வதை எனக்கு நானே செய்துகொண்டேன் போலும் என்று பின்னாளில் எழுதினார். அப்படிப்பட்டவர் ஏன் அந்தச் சாவை அடைப்புக்குறிக்குள் வைத்தார்? இதைக் கேட்காமல் நீங்கள் எதை ஆராயப் போகிறீர்கள்?

எனக்குப் பத்தொன்பது வயதில் அம்மா போனாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பம்பாயிலிருந்த சிநேகிதனுக்கு ஓர் இன்லண்ட் லெட்டர் எழுதினேன். மழை, கிணற்று மோட்டாரில் காயில் எரிந்தது, அதைச் சுற்றக் கொடுத்த செலவு, தேர்வுக் கட்டணம் எல்லாம் விவரமாக இருந்தது. இடையில் ஒரு வரி: 'அம்மா இல்லாததால் இப்போது அப்பாதான் சமைக்கிறார், ரசம் பரவாயில்லை.' பத்து நாளில் பதில் வந்தது. 'அம்மா எங்கே போயிருக்கிறார்கள்? எப்போது வருவார்கள்?' என்று கேட்டிருந்தான். சாவு வீட்டில் நான் அழவே இல்லை. அன்றைக்கு அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு மோட்டார் ரூமில் உட்கார்ந்து அழுதேன். ஏன் அப்படி எழுதினேன் என்பது பல வருடம் கழித்து வுல்ஃபைப் படிக்கும்வரை எனக்கே தெரியாது. மோட்டாருக்கு அத்தனை வரி எழுத முடிந்தது, அவளுக்கு முடியவில்லை.

அதனால்தான் உங்கள் 'சலிப்பு' எனக்கு வலித்தது. ஒரு எழுத்து எங்கே குரலைத் தாழ்த்துகிறது என்று கேட்கத் தெரியாவிட்டால் ஃப்ராய்டின் அத்தனை தொகுதிகளும் உங்களுக்கு வெறும் கலைச்சொல் பட்டியல்தான். கோபப்படாதீர்கள். உங்கள் வயதில் நானும் பக்கங்களைத் தாண்டியவன்தான்.

இந்த வாரம் நடுப்பகுதியை வாய்விட்டுப் படியுங்கள். ராம்சேயின் பிள்ளைகள் ப்ரூவும் ஆண்ட்ரூவும் சாவதும் அடைப்புக்குறிக்குள்தான். அப்புறம் மூன்றாம் பகுதி. புல்வெளியில் படம் வரைந்துகொண்டிருக்கும் லில்லி பிரிஸ்கோ, அந்த வீட்டுப் பெண்கூட இல்லை, விருந்தாளி. அவள்தான் கண்ணீர் வழிய 'மிஸஸ் ராம்சே!' என்று சத்தமாகக் கூப்பிடுகிறாள். அந்தச் சத்தம் வெளியே வர ஏன் பத்து வருடம் ஆயிற்று என்று எழுதி அனுப்புங்கள். படிக்கிறேன்.