"அப்ப இந்தப் புள்ளைக்கு தேவசாயல் இல்லீங்களா?"

கேள்வி: அவிநாசிப் பக்கம் ஒரு சபையில் ஓய்வுநாள் பள்ளி எடுக்கிறேன். போன வருஷம் விபிஎஸ்ஸில் (விடுமுறை வேதாகமப் பள்ளி) ஜூனியர் வகுப்புக்கு 'தேவசாயல்' பாடம், அதாவது தேவன் மனுஷனைத் தம்முடைய சாயலாகப் படைத்தார் என்பது. "நாம் யோசிக்கிறோம், பேசுகிறோம், நல்லது கெட்டது தெரிந்து முடிவெடுக்கிறோம். மிருகங்களுக்கு இது இல்லை. இதுதான் தேவசாயல்" என்று கையேட்டில் இருந்தபடியே சொன்னேன். வகுப்பில் வாய் பேசாத, எழுத்தும் வராத ஒரு பிள்ளை இருக்கிறாள். அவளைக் காட்டி ஒரு பையன், "அப்ப இந்தப் புள்ளைக்கு தேவசாயல் இல்லீங்களா அக்கா?" என்று கேட்டுவிட்டான். பதில் தெரியாமல் பாட்டுக்குப் போய்விட்டேன். வருகிற மே மாதமும் அதே பாடம்தான். எப்படி எடுப்பது?

பதில்: சகோதரி, அந்தப் பையன் கேலி செய்யவில்லை. நீங்கள் சொன்ன கணக்கை அப்படியே போட்டுப் பார்த்திருக்கிறான். கணக்குத்தான் தப்பு.

ஆதியாகமம் 1:26-28 வசனங்களை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். மனுஷனைத் தேவசாயலாகச் சிருஷ்டித்தார் என்று இருக்கிறது, ஆணும் பெண்ணுமாக என்று இருக்கிறது, ஆசீர்வாதமும் பூமியை ஆளும் பொறுப்பும் இருக்கின்றன. புத்தி, பேச்சு, மனசாட்சி என்ற பட்டியல் அங்கே இல்லை. அது பிற்காலப் போதகர்கள் வழியாக வந்தது. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சபைப் போதகர் அகஸ்டின் திரித்துவத்தைப் பற்றி, அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஒரே தேவன் என்பதைப் பற்றி எழுதும்போது நினைவு, அறிவு, சித்தம் என்ற மூன்றிலும் அந்தச் சாயலைத் தேடினார். அது ஆழமான தேடல்தான். ஆனால் அதையே சுருக்கிச் சுருக்கிக் கையேட்டில் மூன்று வரியாக்கினால், திறமை இருப்பவருக்கே சாயல் என்று ஆகிவிடுகிறது. அப்புறம் தொட்டில் குழந்தையும், பக்கவாதம் வந்து படுத்திருக்கும் அப்பத்தாவும் வெளியே போய்விடுகிறார்கள்.

பழங்கால எகிப்திலும் மெசொப்பொத்தாமியாவிலும் ராஜாவைத்தான் தெய்வத்தின் சாயல் என்பார்கள். ஆதியாகமமோ அதை மனுஷர் எல்லாருக்கும் கொடுத்துவிட்டது. பாவம் வந்ததால் அது பறிபோய்விட்டதோ என்றால், அதுவும் இல்லை. ஜலப்பிரளயம் முடிந்த பிறகு நோவாவிடம் பேசும்போதும், மனுஷ இரத்தத்தைச் சிந்தக் கூடாது என்பதற்கு ஆதியாகமம் 9:6 இதே காரணத்தைத்தான் சொல்கிறது. இது உங்கள் தெளிவுக்காக. சின்னப் பிள்ளைகளுக்கு இரத்த வசனம் வேண்டாம், யாக்கோபு 3:9 போதும்.

இனி வகுப்பு. நாற்பது நிமிஷம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் பத்து நிமிஷத்துக்கு மாற்கு 12:13-17. ரோமப் பேரரசர் செசாரின் (நம் வேதாகமத்தில் 'இராயன்') காசைக் காட்டி, "இந்தச் சுரூபமும் மேலெழுத்தும் யாருடையது?" என்று இயேசு கேட்ட இடம். ஐந்து பிள்ளைகளுக்கு ஒன்று வீதம் பத்து ரூபாய் நாணயம் கொடுங்கள். புதுசு ஒன்று, தேய்ந்தது ஒன்று, கறுத்தது ஒன்று எனக் கலந்து இருக்கட்டும். யாராவது ஒருவன் கட்டாயம் சொல்வான்: "இதைக் கடையில வாங்க மாட்டாங்க அக்கா." அதற்காகத்தான் பத்து ரூபாய் நாணயம். 2018இல் ரிசர்வ் வங்கி, பதினான்கு வடிவ நாணயங்களும் செல்லும் என்று அறிவித்தது. கடைக்காரர் தள்ளினாலும் காசின் மதிப்பு குறையாது, ஏனென்றால் மதிப்பைக் கொடுத்தவர் அவர் இல்லை. இதைச் சொல்லிவிட்டு, "செசாரின் உருவம் இருந்த காசு செசாருக்கு. தேவசாயல் இருக்கிற மனுஷன் யாருக்குச் சொந்தம்?" என்று கேளுங்கள். விடையை அவர்களே சொல்லட்டும்.

அடுத்த பத்து நிமிஷம் ஆதியாகமம் வாசிப்பு. இங்கே "அப்ப கடவுளுக்கு மூக்கு, கண்ணு எல்லாம் இருக்குங்களா?" என்று கேள்வி வரும். ஓரேப் மலையில் கர்த்தர் பேசிய நாளில் ஜனங்கள் ஒரு ரூபத்தையும் காணவில்லை என்ற உபாகமம் 4:15-ஐக் காட்டுங்கள். பல கையேடுகளில் இருக்கும் கண்ணாடி விளையாட்டை இதனால்தான் வேண்டாம் என்கிறோம். கண்ணாடியில் முகத்தைப் பார்த்து "இதுதான் தேவசாயல்" என்று சொன்ன பிள்ளைக்கு, முக அழகுதான் சாயல் என்று மனதில் பதிந்துவிடும். படம் வரையச் சொன்னால் கிரையான் பெட்டியில் 'தோல் நிறம்' என்று சொல்கிற அந்த வெளிர்க் குச்சியை எடுத்து வைத்துவிட்டு, பழுப்பில் மூன்று நாலு வகை கொடுங்கள். ஆதாமை எல்லாரும் வெள்ளையாகவே வரைவது அப்போதுதான் நிற்கும். மிருகங்களை மட்டம் தட்டியும் பாடம் எடுக்க வேண்டாம், அவையும் மனுஷனும் ஒரே ஆறாம் நாளில் உண்டாக்கப்பட்டவர்கள்.

மூன்றாவது, யாக்கோபு 3:9. இதற்கு நேரம் தாராளமாகக் கொடுங்கள். ஒரே நாவால் தேவனைத் துதித்து, அவர் சாயலில் உண்டானவர்களைச் சபிக்கிறோம் என்கிறது வசனம். பள்ளிக்கூடத்தில் என்னென்ன பட்டப் பெயர் வைத்துக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் "லூசு", "கருவாயன்" என்று வரும். பனியன் கம்பெனி லைன் வீட்டில் இருக்கும் ஒடிசா, பீகார்ப் பிள்ளைகளைச் சொல்லும் பேச்சும் வரும். "நீ எந்த வளவு?" என்று சாதி தெரிந்துகொள்ளக் கேட்பதும் வரும். அது அவர்கள் வீட்டில் கேட்டது. பூசி மெழுக வேண்டாம். தனி டம்ளர் வைப்பதும், கல்லறையில் தனி இடம் ஒதுக்குவதும் தேவசாயலை மறுக்கிற பாவம் என்று பிள்ளைகள் முன்னால் தெளிவாகச் சொல்லுங்கள். பெற்றோர் யாராவது வருத்தப்பட்டால் ஆயரிடம் பேசட்டும்.

பெரிய பிள்ளைகள் இருந்தால் கொலோசெயர் 1:15-ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துவே அதரிசனமான தேவனுடைய தற்சுரூபம், அதாவது கண்ணுக்குத் தெரியாத தேவனின் சாயல் அவரே. குஷ்டரோகியைத் தொட்டவரும், சிலுவையில் முகம் சிதைந்து தொங்கியவரும் அவரே. சாயல் என்றால் என்னவென்று அவரிடம் பார்க்க வேண்டும், நம் மதிப்பெண் பட்டியலில் அல்ல.

அந்தப் பிள்ளையைப் பற்றி. பாடத்தின் நடுவில் அவளைச் சுட்டிக்காட்டி விளக்காதீர்கள். அவள் உதாரணப் பொருள் இல்லை, வகுப்பில் ஒருத்தி. மே மாதத்துக்கு முன்பே அவள் அம்மாவிடம் என்ன சத்தம் ஆகாது, என்ன செய்யப் பிடிக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள், ஓரத்திலும் வேண்டாம், நடு வரிசையில் இருக்கட்டும். நாணயங்களை அவளே விநியோகிக்கலாம். முக்கியமாக, மனப்பாட வசனத்துக்குத் தனிப் பரிசு கொடுப்பதை நிறுத்துங்கள். நாக்கு வேலை செய்பவருக்கே மதிப்பு என்று பத்து நாளும் பரிசு கொடுத்துச் சொல்லிவிட்டு, ஒரு நாள் பாடத்தில் மாற்றிச் சொன்னால் எடுபடாது. வசனத்தை நாலு பட அட்டையாக்கி, குழுவாக அடுக்கச் சொல்லுங்கள். ஒரு அட்டை அவள் கையில் இருக்கட்டும்.

கேள்வி கேட்ட பையனைத் தனியே கூப்பிட்டு, "நீ கேட்டது நல்ல கேள்வி, நான் போன வருஷம் சொன்னது சரியில்லை. அவளுக்கு இருக்கிறது, முழுசாக இருக்கிறது, உனக்கு இருக்கிற அளவுக்கே" என்று சொல்லிவிடுங்கள். ஆசிரியர் பயிற்சி நாளிலும் கையேட்டின் அந்த மூன்று வரிகளை எடுத்துப் பேசுங்கள். மற்ற வகுப்புகளில் அதைத்தான் படிக்கப் போகிறார்கள்.