பழைய கேப் துப்பாக்கியின் குழலை ஃபிளின்ட்லாக்குக்கு மாற்றலாமா?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஃபிளின்ட்லாக்குக்கு (கல் எஃகில் மோதி எழும் தீப்பொறியால் சுடும் துப்பாக்கி) என்றே உள்ள மான் வேட்டைப் பருவத்தில் கேப் துப்பாக்கி (அடித்தால் வெடிக்கும் சின்ன உலோக மூடியால் சுடுவது) செல்லாது, உங்களிடம் இருப்பதோ 1850 வாக்கில் செய்த கேப் ரைஃபிள், அதன் குழலை ஃபிளின்ட்லாக்குக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் அது செய்யப்பட்டபோதே கேப் துப்பாக்கியாக இருந்திருந்தால், தயவுசெய்து செய்யாதீர்கள். நானும் இந்த மாநிலத்தில்தான் இருக்கிறேன். பழைய ரைஃபிள்களைப் பழுதுபார்க்கும் ஒருவரிடம் வார இறுதிகளில் வேலை பழகியவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அது எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் 1807-ல், தட்டினால் வெடிக்கும் ரசாயனத்தைக் கொண்டு துப்பாக்கி மருந்தைப் பற்றவைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். 1820-களில் செம்புக் கேப் பரவியது. அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கான ஃபிளின்ட்லாக்குகள் கேப்புக்கு மாறின. கிராமத்துக் கொல்லர்கள் பெரும்பாலும் குழலின் பக்கத் துளையில் (தீ உள்ளே போகும் பற்றுத் துளை) மரை வெட்டி, டிரம் என்ற சின்ன உருளையைத் திருகி, அதன் மேல் நிப்பிளை (கேப்பை மாட்டும் துளையுள்ள முனை) வைத்தார்கள். ராணுவ ஆயுதச் சாலைகள் பக்கத் துளையை அடைத்துவிட்டுக் குழலின் மேற்பரப்பிலேயே நிப்பிளை இறக்கின. பின்னாளில் சேகரிப்பாளர்கள் ஃபிளின்ட்லாக்குக்குக் கூடுதல் விலை கொடுக்க ஆரம்பித்ததும், இதே துப்பாக்கிகளை மறுபடி ஃபிளின்ட்டுக்குத் திருப்பும் வேலையும் நிறைய நடந்தது.

உங்கள் ரைஃபிளின் லாக் (சுடும் பொறி) தகட்டைக் கழற்றி முன்பாதியைப் பாருங்கள். அடைக்கப்பட்ட திருகுத் துளைகள் இருக்கின்றனவா? தகட்டின் மேல் விளிம்பில் பற்றவைக்கும் மருந்தைப் போடும் கிண்ணம் உட்கார்ந்திருந்த பள்ளம் தெரிகிறதா? இருந்தால் அது ஒரு காலத்தில் ஃபிளின்ட்லாக். 1850 என்று விற்றவர் சொன்னதுகூடத் தவறாக இருக்கலாம். எந்தத் தடயமும் இல்லாமல், நிப்பிள் உட்காரும் பகுதி குழலின் பின்முனையோடு ஒரே துண்டாக இருந்தால் அது பிறவிக் கேப் துப்பாக்கி. அதில் ஃபிளின்ட் பொருத்துவது ஒருபோதும் இல்லாத வரலாற்றை அதன் மேல் எழுதுவது.

சரி, பழைய ஃபிளின்ட்லாக்தான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் என் கவலை குழலைப் பற்றித்தான். அந்தக் காலத்துக் குழல் தேனிரும்புப் பட்டையைச் சூடாக்கி, ஒரு கம்பியைச் சுற்றி வளைத்து, நீளவாக்கில் அடித்து ஒட்டியது. பழைய கேப்களில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்த பிறகு மிஞ்சும் உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். சுட்ட பிறகு வெந்நீரில் நன்றாகக் கழுவாத துப்பாக்கியில் நிப்பிளைச் சுற்றியும் அதன் உட்பக்கத்திலும் இரும்பு அரித்துப்போயிருக்கும். ஃபிளின்ட்டுக்குப் பற்றுத் துளை வர வேண்டிய இடமும் கிட்டத்தட்ட அதுதான். சுடும்போது அழுத்தம் உச்சத்தில் இருப்பதும் அங்கேதான். வெளியே பளபளவென்று தெரியும் குழலின் உள்ளே என்ன நிலைமை என்று அதன் பின்முனையை அடைக்கும் திருகைக் கழற்றாமல் யாராலும் சொல்ல முடியாது.

துளை ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர்தான், ஆனால் இடம் பிசகக் கூடாது. கிண்ணத்தின் மேல்விளிம்பு மட்டத்தில், பின்முனைத் திருகின் முகத்துக்குச் சற்று முன்னால் வர வேண்டும். பின்னால் தள்ளிப்போனால் துளை திருகின் மரைக்குள் போய்விடும். முன்பு டிரம் இருந்த குழல் என்றால் அந்த மரைத் துளையில் லைனர் (நடுவில் பற்றுத் துளை உள்ள திருகு) ஒன்றைத் திருகிச் சமாளிக்கலாம். மேலே நிப்பிள் வைத்த குழலில் அந்த ஓட்டையை வெல்டிங்கால் மூட வேண்டும். நூற்றி எழுபது வருட இரும்பில் அதைச் செய்து அப்புறம் சுடுவதை நான் ஏற்கவே மாட்டேன். சுவரில் மாட்டி வைக்க மட்டும் என்றால் வேறு விஷயம்.

குழலோடு வேலை முடிவதில்லை. கல்லைப் பிடிக்கும் ஹேமர், கல் மோதித் தீப்பொறி விழும் எஃகுத் தகடு, அதன் வில், கிண்ணம் எல்லாம் சேர்ந்த முழு லாக் வேண்டும். அதற்காக மரக்கட்டையையும் செதுக்க வேண்டிவரும். செதுக்கிய மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

வேட்டைதான் நோக்கம் என்றால் இந்தக் காலத்தில் செய்த டிரம் வைத்த கேப் ரைஃபிள் ஒன்றை வாங்குங்கள். டிரம்மைக் கழற்றி லைனர் திருகி, அதே தயாரிப்பாளரின் ஃபிளின்ட் லாக்கை மாட்டுவது பல மாதிரிகளில் சாத்தியம். குழலும் நவீன எஃகு. அதையும் ஒரு கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி செய்து பழுதுபார்ப்பவர்) கொடுத்தே செய்யுங்கள்.

உங்கள் பழைய ரைஃபிளில் எதைக் கழற்றும் முன்பும் இதைச் செய்யுங்கள்: நிப்பிளில் கேப் இல்லை என்று பார்த்துவிட்டு, குழல் வாயின் முன்னால் கையோ முகமோ வராமல் திணிகோலை உள்ளே விட்டு, வாயருகே அதில் குறி போடுங்கள். பிறகு வெளியே எடுத்து, குறியைக் குழல் வாயில் வைத்துக் குழலோடு ஒட்டிப் பிடியுங்கள். கோலின் நுனி நிப்பிளுக்கு இரண்டு மூன்று விரல் முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே மருந்தும் குண்டும் இருக்கலாம். கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு வருடம் கழித்தும் வெடிக்கும். அப்படி இருந்தால் நீங்களே எடுக்க முயலாமல் கன்ஸ்மித்தை அழையுங்கள்.